மாறாத கேள்வியும் பொய் சொல்லும்

பல ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் ஆய்வின் கேள்விகளில் கை வைக்கக் கூடாது என்பது நம் பொருளாதார வட்டாரத்தில் வேதவாக்காகிவிட்டது. கேள்வியை மாற்றினால் தொடர் அறுந்துபோகும், போன ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிட முடியாது, நாடு வளர்ந்ததா தேய்ந்ததா என்று சொல்ல ஆதாரமே மிஞ்சாது என்கிறார்கள். ஆழ்வார்பேட்டையில் ஆடிட்டர்கள் கூடிப் பேசும் மாலைக் கூட்டமானாலும் சரி, நாளிதழ்களின் நடுப்பக்கமானாலும் சரி, தொழில் ஆய்வுகளின் ஷெட்யூலை, அதாவது கேள்வித்தாளைத் திருத்த வேண்டும் என்று ஒருவர் வாயெடுத்தால் உடனே வரும் பதில் இதுதான்: “அளவுகோலையே மாற்றிவிட்டால் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

அப்படி முடியவிடக் கூடாது. அளவுகோல் மரத்தாலோ உலோகத்தாலோ ஆனது. அளக்கப்படும் பிள்ளையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கேள்வி அப்படிப்பட்டதல்ல. அதன் பாதி தாளில் இருக்கிறது, மறுபாதி பதில் சொல்பவரின் மனத்திலும் அவர் பிழைக்கும் உலகத்திலும் இருக்கிறது. தாளில் உள்ள பாதியை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபாதி நகர்ந்துவிடும். எழுத்து ஒன்றுதான், அளக்கப்படும் பொருள் வேறு. இந்த முறிவை யாரும் அறிவிப்பதில்லை. அட்டவணைக்குக் கீழே அடிக்குறிப்பும் இருக்காது. திருத்தத்தால் வரும் முறிவைவிட இது ஆபத்தானது என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறையில்லாமல் சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் இரண்டு வலுவான சாட்சிகள் உண்டு.

முதலாவது, 1999-2000-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55-வது ரவுண்டு. தொழில் ஆய்வு அல்ல, குடும்பச் செலவு ஆய்வுதான். ஆனால் கேள்வித் திருத்தம் பற்றிய எந்த விவாதத்திலும் இதுவே முதலில் வரும். அதுவரை பெரிய ரவுண்டுகளில் உணவுச் செலவைக் ‘கடந்த 30 நாளில்’ என்று கேட்டுவந்தார்கள். அந்த ரவுண்டில் 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே குடும்பத்திடம், ஒரே தாளில், அடுத்தடுத்த கட்டங்களில் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் சொன்ன விடை பக்கத்துக் கட்டத்தின் விடையை இழுத்துவிடும் என்பது கணக்கெடுக்கப் போன யாருக்கும் தெரியும். 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. குறைந்தது வறுமையா, மாறியது கேள்வியா என்ற சண்டை பல ஆண்டுகள் ஓயவில்லை. ஆங்கஸ் டீட்டனும் வாலெரி கோசலும் 2005-ல் ஒரு தனி நூலே தொகுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, 2015 ஜனவரியில் வந்த புதிய ஜி.டி.பி. தொடர். உற்பத்தித் துறைக்கு அதுவரை தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வை, அதாவது ஏ.எஸ்.ஐ.யைப் பெரிதும் நம்பியிருந்தவர்கள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ.-21 தரவுக்கு மாறினார்கள். பழைய ஆண்டுகளைப் புதிய முறையில் கணக்கிட்டுத் தரும் பின்தொடர் அதிகாரபூர்வமாக வெளியானது 2018 நவம்பரில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு குழுவின் அறிக்கை வேறு எண்களைக் காட்டியிருந்தது. எந்த ஆட்சியில் வளர்ச்சி அதிகம் என்ற அரசியல் சண்டையில் புள்ளியியல் துறையின் மானமே போனது.

இந்த இரண்டையும் நான் மறுக்கவில்லை. மறுப்பது அவற்றிலிருந்து எடுக்கும் பாடத்தை. 55-வது ரவுண்டுக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1994 முதல் 1998 வரை, 51 முதல் 54 வரையிலான சிறு ரவுண்டுகளில், குடும்பங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவிடம் பழைய ஷெட்யூலையும் இன்னொரு பிரிவிடம் புதிய ஷெட்யூலையும் கொண்டுபோனார்கள். உணவுக்கு 7 நாள் என்று கேட்டால் உணவுச் செலவு சுமார் 30 சதவீதமும் மொத்தச் செலவு சுமார் 17 சதவீதமும் கூடுதலாகப் பதிவாகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குப் போகும் பாலம் கையில் இருந்தது. அதைக் கட்டியவர்களே 1999-ல் அதன்மீது நடக்காமல், இரண்டு கேள்விகளையும் ஒரே வீட்டில் கலந்துவிட்டார்கள். பிறகு 2009-10, 2011-12 ரவுண்டுகளில் மறுபடியும் தனித்தனிக் குடும்பங்களிடம் இருவகை ஷெட்யூல்களை நடத்தினார்கள். இரண்டு விடைகளும் அருகருகே வெளியாயின. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதில் குழப்பமில்லை. அமைப்பு ஒருமுறை சொதப்பியதை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசுகிறோம். அதே அமைப்பு முன்னும் பின்னும் ஒழுங்காகச் செய்ததைப் பேசுவதே இல்லை.

சரி, கேள்வியைத் தொடாமலே இருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாடு மிகவும் பெருமைப்படும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்.

ஏ.எஸ்.ஐ. 1959-ல் தொடங்கியது. மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், பயன்படுத்தாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் பதிவுபெற்ற ஆலைகளை அது எடுத்துக்கொள்கிறது. ஆலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், ஏறத்தாழ 40,000. ஆலை ராணிப்பேட்டையிலோ ஓசூரிலோ இருக்கும். படிவத்தை நிரப்புபவர் டி.டி.கே. சாலைப் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்காளராக இருப்பார். 2019-20 ஆய்வின்படி இந்தியா முழுவதும் ஆலைகளில் 15.8 லட்சம் பெண் தொழிலாளர்கள், அவர்களில் 6.79 லட்சம் பேர், அதாவது 43 சதவீதம், தமிழ்நாட்டில். மேடைக்கு மேடை சொல்லப்படும் எண் இது.

அந்த எண் பிறக்கும் இடத்துக்குப் போவோம். படிவத்தின் வேலைவாய்ப்புப் பகுதியில் நேரடியாக அமர்த்தப்பட்ட ஆண்கள் ஒரு வரி, நேரடியாக அமர்த்தப்பட்ட பெண்கள் ஒரு வரி. அடுத்த வரி, ஒப்பந்ததாரர் மூலம் வந்த தொழிலாளர்கள். அந்த வரியில் ஆண், பெண் பிரிவு கிடையாது, மொத்தம் மட்டும்தான். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சிறுபான்மையாக இருந்த காலத்தில் இதனால் பெரிய சேதமில்லை. 2000-01-ல் அவர்கள் ஆலைத் தொழிலாளர்களில் சுமார் 20 சதவீதம். 2022-23-ல் 40.7 சதவீதம். ஐந்தில் இருவர் ஆணா பெண்ணா என்று கேட்காத ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, பெண்கள் வேலைக்கு வருகிறார்களா வெளியேறுகிறார்களா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

ஒரு கற்பனை ஆலையை வைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 500 பெண்களை நேரடிப் பணியில் வைத்திருக்கும் ஆலை, அடுத்த ஆண்டு அவர்களில் 300 பேரை ஒப்பந்ததாரர் பெயருக்கு மாற்றுகிறது. அதே ஹாஸ்டல், அதே பேருந்து, அதே ஷிப்ட், அதே இயந்திரம். படிவத்தில் மட்டும் 300 பெண்கள் காணாமல் போகிறார்கள். கேள்வியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, தொடர் அறுபடவில்லை என்று வல்லுநர்கள் நிம்மதியாக இருப்பார்கள். வரைபடத்தில் பெண் உழைப்பு சரியும்; ஏன் சரிந்தது என்று அதிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளும் பிறக்கும்.

இதைச் சரிசெய்ய எந்தத் தொடரையும் அறுக்க வேண்டியதில்லை. ஒரு வரியை இரண்டாகப் பிரித்தால் போதும். இரண்டையும் கூட்டினால் பழைய மொத்தம் அப்படியே கிடைக்கும். திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பதறுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. எல்லாத் திருத்தமும் ஒரே ரகமல்ல. ஒரு விடையை உட்பிரிவாக்குவது ஒப்பீட்டுக்குக் கேடு செய்யாது. புதிய கேள்வியைக் கடைசியில் சேர்ப்பதும் பெரும்பாலும் செய்யாது. நினைவுகூரும் காலத்தை மாற்றுவது கட்டாயம் செய்யும். அதற்குத்தான் பழைய ஷெட்யூலையும் புதியதையும் தனித்தனிக் குடும்பங்களிடம் ஒரே காலத்தில் நடத்தும் இணை ஆய்வு வேண்டும். ஒரு வகைப்பாட்டின் எல்லையையே நகர்த்துவது இன்னும் கடினம். அங்கே பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்தே ஓட வேண்டும். மருந்தில் உப்பும் உண்டு, விஷமும் உண்டு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை போடுவது எச்சரிக்கை ஆகாது, சோம்பல்தான்.

இந்த வேறுபாடு தெரிந்து நடந்த ஒரு நிறுவனமும் நம்மிடம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தொழில்துறைக் கண்ணோட்ட ஆய்வு 1998 முதல் காலாண்டுதோறும் நடக்கிறது. உற்பத்தி, ஆர்டர், வேலைவாய்ப்பு, விலை ஆகியவை இந்தக் காலாண்டில் கூடியதா, குறைந்ததா, அப்படியே இருக்கிறதா, அடுத்த காலாண்டில் எப்படி இருக்கும் என்று கம்பெனிகளைக் கேட்பார்கள். கோவிட் வந்தபோது அடுத்த மூன்று மாதத்தைக் கேட்டால் போதவில்லை. அதற்கப்பால் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் தேவைப்பட்டது. பழைய பகுதியைத் தொடாமல், இரண்டு காலாண்டு, மூன்று காலாண்டு தள்ளி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கும் கூடுதல் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். தொடரும் நின்றது, காலத்தின் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

பெரிய கம்பெனிகளை விடுங்கள். கம்பெனியாகப் பதிவாகாத சிறு தொழில்களுக்கு வருவோம். கேள்வி பழசாவது அங்கேதான் மிகவும் உறைக்கும். 2021-22 முதல் இவற்றுக்கென்றே ஆண்டு ஆய்வு நடக்கிறது. முன்பு 2010-11, 2015-16 என்று ஐந்தாண்டு இடைவெளியில் நடந்ததன் வாரிசு. 2023-24-ல் நாட்டில் இத்தகைய தொழில்கள் 7.34 கோடி, அவற்றில் உழைப்பவர்கள் 12.06 கோடி என்கிறது அது.

ஆழ்வார்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையிலிருந்து செயின்ட் மேரிஸ் சாலை வரை ஒரு மாலை நடந்தால் ஷெட்யூல் திணறும் இடங்கள் வரிசையாக வரும். அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மாமி பருப்புப்பொடியும் மாவடுவும் போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறார். வாசலில் பலகை கிடையாது. “இந்த வீட்டில் தொழில் ஏதாவது நடக்கிறதா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் இல்லை, நான் வீட்டோட இருக்கேன்” என்பதுதான் பதில். அவர் பொய் சொல்லவில்லை; தான் செய்வதைத் தொழில் என்று அவர் நினைப்பதில்லை. கீழே தெருவோரம் இரு சக்கர வாகனத்தோடு காத்திருக்கும் உணவு விநியோக இளைஞர் இன்னொரு சிக்கல். ஓட்டல்காரர் அவரைத் தன் ஆள் இல்லை என்பார். ஆப் நடத்தும் கம்பெனி அவரைப் பங்குதாரர் என்கிறது. விலையை அவர் வைப்பதில்லை, வாடிக்கையாளரை அவர் பிடிப்பதில்லை, வேலையை மறுத்தால் தண்டம். உரிமையாளர், கூலியாள், ஊதியமில்லாத குடும்ப உறுப்பினர் என்ற பழைய மூன்று கட்டங்களில் எதில் போட்டாலும் பொருந்தவில்லை.

இந்த விநியோக இளைஞரைப் போன்றவர்கள் இந்தியாவில் எத்தனை பேர்? 2020-21-ல் 77 லட்சம், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் 2022-ல் சொன்னது. நேரடியாக எண்ணிச் சொன்னதல்ல அது. வேறு நோக்கத்துக்காக எடுத்த வேலைவாய்ப்பு ஆய்விலிருந்து, இன்ன தொழில், இன்ன படிப்பு, இன்ன வசதி உள்ளவர்கள் என்று சலித்து எடுத்த மறைமுக மதிப்பீடு. தமிழ்நாடு 2023-ல் இவர்களுக்கென்று நலவாரியம் அமைத்துவிட்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-லேயே இவர்களுக்கு இலக்கணம் வகுத்தது. சட்டம் பெயர் வைத்த மனிதருக்குக் கேள்வித்தாளில் பெயர் இல்லை என்றால், தொடரைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

பார்வைக்கு அபத்தமான எல்லாவற்றையும் மாற்று என்றும் நான் சொல்லவில்லை. சிறுதொழில் ஆய்வு வரவு செலவைப் பெரும்பாலும் ஒரு மாதக் கணக்காகக் கேட்கிறது. மார்கழியில் சபா கேண்டீனுக்குச் சமைத்துப்போடும் ஒருவரிடம் டிசம்பர் வருமானம் கேட்டால் ஒரு கதை வரும், ஆடியில் கேட்டால் வேறு கதை. உடனே ஆண்டு முழுவதற்கும் கேள் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. கணக்குப் புத்தகமே இல்லாதவர் பன்னிரண்டு மாதத்தை நினைவிலிருந்து சொன்னால் விடை இன்னும் கெடும். ஆய்வே ஆண்டு முழுவதும் பரவி நடப்பதால், டிசம்பரில் மாட்டிய சமையல்காரரையும் ஆடியில் மாட்டியவரையும் சேர்த்துப் பார்க்கும்போது மொத்தம் நேராகிவிடும். அந்தக் கேள்வி கிறுக்குத்தனமாகத் தெரிந்தாலும் உள்ளே அறிவு இருக்கிறது. அதைத் தொடக் கூடாது. எதைத் தொடுவது, எதை விடுவது என்று ஆய்ந்து சொல்வதுதான் வல்லுநர் வேலை. எதையுமே தொடாதே என்று சொல்ல வல்லுநர் எதற்கு?

வெளிநாட்டு அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. ஜப்பான் மத்திய வங்கியின் டாங்கன் தொழில் ஆய்வுக்கு உலகச் சந்தைகளே காது கொடுக்கின்றன. 2004-ல் அதன் அடிப்படைச் சட்டகத்தை மாற்றினார்கள். அதற்கு முந்தைய 2003 டிசம்பர் சுற்றுக்குப் பழைய முறை எண்ணையும் புதிய முறை எண்ணையும் சேர்த்து வெளியிட்டார்கள். இன்றும் அந்த வரைபடத்தில் 2003 டிசம்பரில் கோடு வெட்டப்பட்டிருக்கும். மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அமெரிக்காவில் மாதாந்திர வேலைவாய்ப்பு ஆய்வின் கேள்வித்தாளை 1994 ஜனவரியில் திருத்தினார்கள். பழைய தாளில், வீட்டில் இருக்கும் பெண்ணைப் பார்த்தால் வீட்டு வேலைதானே செய்கிறீர்கள் என்ற தொனியில் கேள்வியை வளைத்துக் கேட்க இடம் இருந்தது. புதிய தாள், இந்த வீட்டில் யாருக்காவது தொழிலோ பண்ணையோ உண்டா என்று எல்லா வீட்டிலும் கேட்டது. மாற்றுவதற்கு முன் 1992 ஜூலை முதல் 1993 டிசம்பர் வரை, மாதத்துக்குச் சுமார் 12,000 வீடுகளில், பழைய ஆய்வோடு புதியதையும் இணையாக நடத்திப் பார்த்தார்கள். நம் ஆழ்வார்பேட்டை மாமி அமெரிக்காவில் 1994-லேயே கணக்கில் வந்துவிட்டார்.

இதற்கிடையில் இன்னொரு குரல் கேட்கிறது: ஜி.எஸ்.டி. இருக்கிறது, வருங்கால வைப்பு நிதி இருக்கிறது, யு.பி.ஐ. இருக்கிறது, ஆளை அனுப்பிக் கேட்கும் காலம் போய்விட்டது, பிறகு கேள்வித்தாளைத் திருத்தி என்ன ஆகப் போகிறது? பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்பது பொதுவான ஜி.எஸ்.டி. வரம்பு. மாமியும் தெருமுனை இஸ்திரிக்காரரும் அதன் பக்கத்திலேயே வரமாட்டார்கள். பதிவேட்டில் இருப்பவர்களாவது ஒழுங்காக இருக்கிறார்களா? 2016-17-ல் சேவைத் துறையை ஆராய்ந்த தேசிய மாதிரி ஆய்வின் 74-வது ரவுண்டு, எம்.சி.ஏ.-21 பட்டியலை எடுத்துக்கொண்டு போனபோது, மாதிரியில் வந்த கம்பெனிகளில் சுமார் 36 சதவீதம் முகவரியில் இல்லை, மூடிக்கிடந்தன, அல்லது வேறு தொழில் செய்துகொண்டிருந்தன. பதிவேடு எவ்வளவு தப்பு என்பதையே கதவைத் தட்டிக் கேட்ட ஓர் ஆய்வுதான் கண்டுபிடித்தது.

கடைசியாக, அவர்களின் வலுவான அம்பு. திருத்தம் என்ற பெயரில் ஆள்பவர்கள் தமக்கு வேண்டிய விடையை வரவழைத்துக்கொள்வார்கள் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் கேள்வியை உறையவைப்பது அதற்கு மருந்தாகுமா? 2017-18 குடும்பச் செலவு ஆய்வை நினைத்துப் பாருங்கள். தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அரசு அதை வெளியிடாமலே கைவிட்டது. 2011-12-க்குப் பிறகு வெளியான அடுத்த செலவு ஆய்வுக்கு 2022-23 வரை நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று. எண்ணை மறைக்க நினைப்பவருக்குக் கேள்வியை மாற்றும் சிரமமே தேவையில்லை; மேசை இழுப்பறை போதும். அதைத் தடுப்பவை வேறு: எப்போது வெளியிடுவோம் என்ற முன்கூட்டிய நாள்காட்டி, திருத்திய ஷெட்யூலைக் களத்துக்குப் போகும் முன்பே பொதுவில் வைப்பது, இணை ஆய்வின் முடிவைச் சேர்த்தே வெளியிடுவது, தனித்தனி அலகுகளின் தரவை ஆய்வாளர்கள் எல்லோருக்கும் திறந்துவிடுவது. இவை இருந்தால் திருத்தத்தில் ஒளிய இடமில்லை. இவை இல்லாவிட்டால் திருத்தாத கேள்வியிலும் ஒளியலாம்.

இதற்குக் காசு வேண்டும். இணை ஆய்வு என்றால் இரண்டு மடங்கு நடை, கூடுதல் ஆட்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் காவலாளியிடம் அடையாள அட்டையைக் காட்டிக் கெஞ்சும் கணக்கெடுப்பாளருக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும் தர வேண்டும். எந்தக் கேள்விக்கு ஜனங்கள் விழிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். திருத்தக் குழுவில் அவருக்கும் நாற்காலி வேண்டும். தொடரைக் காப்பாற்ற வேண்டும் என்று உரக்கப் பேசுபவர்கள் இந்தச் செலவுக்காக உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தொடர்மீது உண்மையான அக்கறை இருந்தால் முதல் கோரிக்கையாக இது அல்லவா வந்திருக்க வேண்டும்?

கேள்வியை மாற்றுபவரிடம் நாம் கணக்குக் கேட்கிறோம்: ஏன் மாற்றினாய், எவ்வளவு வித்தியாசம், பழைய எண்ணோடு எப்படிச் சேர்ப்பது? கேட்கத்தான் வேண்டும். மாற்றாமல் வைத்திருப்பவரிடமும் இனி அதே கணக்கைக் கேட்போம்: இந்தக் கேள்வி இன்று யாரை விட்டுவிடுகிறது, எத்தனை பேரை, அந்தப் பிழை ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது? அவரிடம் விடை இல்லை என்றால், அவர் காப்பாற்றிக்கொண்டிருப்பது தொடரை அல்ல, தன் வசதியை.